புழுவின் வடிவில்

காலை ஒன்பது நாற்பதுக்கு என் கணவர் போன் செய்து, "கிருமியாம்" என்றார். எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான். ஆனால் கேட்ட நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கிருமி என்றால் தெரிந்த சமாசாரம். மாத்திரை உண்டு, போய்விடும்.

நான் அலுவலகத்தில் இருந்தேன். அன்றைக்கு ஆடிட் பார்ட்டி வந்திருந்தது, விடுப்பு சொல்ல முடியவில்லை. மகளுக்கு முந்தின நாள் சாயங்காலமே தொப்புளைச் சுற்றி மந்தமாக வலி. பத்தாம் வகுப்பு படிக்கிறவள், ப்ரீ-போர்டு நெருங்குகிற நேரம், பயத்தில் வருகிற வலி என்று நினைத்தோம். காலையில் சேமியா உப்புமாவை இரண்டு வாய் தின்றாள், அதுவும் வாந்தியாக வெளியே வந்துவிட்டது. என் கணவருக்கு அன்று சண்டிகரில் ஆபீஸ் வேலை. பஸ்ஸுக்குப் போகும் முன்பாக அவளை மார்க்கெட்டில் உட்காரும் டாக்டரிடம் காட்டிவிட்டு, டெல்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"மாத்திரை குடுத்துட்டாரு. அங்கேயே சாப்பிட வச்சுட்டேன்" என்றார். "சாயந்தரத்துக்குள்ள சரியாயிரும்னு சொல்லுதாரு."

"ஆன்டிபயாடிக்கா?"

"கிருமின்னா பெறவு என்னத்தக் குடுப்பாவ? நீ சும்மா பயந்துக்கிட்டே கெடக்காத. கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அதுக்கும் ஒரு கவலை உனக்கு. என் பஸ் வந்துட்டு, வைக்கேன்."

அவர் சொன்னது உண்மைதான். நான் அப்படிப்பட்டவள். மெட்ரோ இரண்டு நிமிடம் சுரங்கத்தில் நின்றால் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதனாலேயே என் பயத்தை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. நானும் நம்புவதில்லை. அன்றைக்கும் என்னை நானே அடக்கிக்கொண்டு ஃபைல்களை ஆடிட் மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு மகள் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். அவள் பேசுவது டெல்லியில் பிறந்த பிள்ளைகளின் தமிழ்.

"அம்மா, நீ ஆ ஜாவ். சீக்கிரம் வா."

"என்னட்டி?"

"வலி நீச்சே, கீழ வந்துட்டு. ரைட் சைடு. சீதா நிக்க முடியல."

நேராக நிற்க முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகு ஆடிட்டாவது ஒன்றாவது. ஆட்டோவில் வீட்டுக்குப் போய், அவளை ஏற்றிக்கொண்டு, "பையா, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் என் கையை இறுக்கினாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடையிலும் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கினார். ஜல்தி என்று நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

எமர்ஜென்ஸியில் இளம் பெண் ஒருத்தி டியூட்டி டாக்டர். தூங்காத கண்கள். ஆனால் பொறுமையாக இருந்தாள். வயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தாள். எடுத்தபோதுதான் மகள் துடித்தாள். "அபெண்டிக்ஸ் ஹோ சக்தா ஹை" என்றாள் டாக்டர், குடல்வாலாக இருக்கலாம் என்று. சிறுநீர்ப் பரிசோதனைக்கு மகளை ஒரு ஆயாவோடு அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டாள், ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று.

நான் சொன்னேன். காலையில் டாக்டர் பார்த்தார், இன்ஃபெக்ஷன் என்றார், ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். தெளிவாக, நல்ல ஹிந்தியில் சொன்னேன். மருந்தின் பெயர் தெரியாது, சீட்டு கணவரிடம் இருக்கிறது என்றேன். இருபது வருடமாக டெல்லி அலுவலகத்தில் குப்பை கொட்டிய ஹிந்தி அது. அதில் ஒரு பிழையும் இல்லை.

மகள் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை என்னிடம் நானே எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அவள் பாத்ரூமில் இருந்தாள். அவ்வளவுதான்.

ஸ்கேனில் வாயு மறைத்ததால் குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை. பெரிய சர்ஜன் ஒரு விபத்து கேஸில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், பார்த்துக்கொண்டிருப்போம் என்றாள் டியூட்டி டாக்டர். வார்டு நிரம்பியிருந்ததால் வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் கிடைத்தது. சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சண்டிகருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஏறினால் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்குபவர் அவர்.

எங்களுக்கு எதிர்ச் சுவரில் ஜீரண மண்டலத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. வாயில் தொடங்கி ஆசனவாய் வரைக்கும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக. ஒவ்வொரு பாகத்துக்கும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருங்குடல் தொடங்கும் மூலையில் சின்னதாக ஒன்று தொங்கியது. ஆங்கிலத்தில் வெர்மிஃபார்ம் அபெண்டிக்ஸ். அதற்கு மேலே ஹிந்தியில் க்ரிமிரூப் பரிசேஷிகா.

க்ரிமி. நான் அந்த எழுத்துகளை மறுபடி படித்தேன். கிருமிரூபம். ஆக இந்த இடமே கிருமி தங்குகிற இடம் போலிருக்கிறது, மார்க்கெட் டாக்டர் கையை வைத்ததுமே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார், சரியான மருந்தையும் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். படித்தவள் நான். சுவரில் அச்சாகித் தொங்குவதை எழுத்துக்கூட்டிப் படித்து, அதிலிருந்து தைரியம் எடுத்துக்கொண்டேன்.

பிற்பகலில் வலி நின்றது.

குறையவில்லை, நின்றது. மகள் முதலில் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். பிறகு காலை மெல்ல நீட்டினாள். காலையிலிருந்து முழங்காலை மடக்கியே படுத்திருந்தவள்.

"அம்மா. கயா."

"என்னட்டி போச்சு?"

"தர்த். போயே போச்சு. கர் சலேன்? வீட்டுக்குப் போலாமா? எனக்கு மோமோ வேணும்."

"சுட்ட அப்பளம்கூடக் கிடையாது. பேசாம கெட."

"நீ டாக்டரா? உனக்கு மேல அந்த டாக்டர் தீதி ஸ்வீட்டா இருக்கா."

சிறு வயதிலிருந்தே அவள் எனக்கு வாலு. சேட்டைக்காக வைத்த பெயர். "ஏட்டி வாலு, உனக்கு வயித்துக்குள்ளயும் ஒரு வாலு இருக்காம். அதுக்குப் பேரு குடல்வால்" என்றேன். அவளுக்கு அந்தத் தமிழ்ப் பெயர் தெரியாது. "குடல்வாலு" என்று சொல்லிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியில்லாமல் சிரித்தாள். நான் அவள் நெற்றியில் கை வைத்தபடி சண்டிகருக்கு மெசேஜ் அனுப்பினேன்: வலி நின்னுட்டு. கும்பிடுகிற கைகள் இரண்டு ஜோடி பதிலாக வந்தன. அவர் போனைப் பார்த்துவிட்டார் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். காலையிலேயே ஆன்டிபயாடிக் தொடங்கியதால் அடங்கியிருக்கலாம் என்றாள், எதற்கும் சர்ஜன் பார்க்கட்டும் என்றாள். அடுத்த ஸ்ட்ரெச்சரில் மூச்சுத் திணறலோடு ஒரு முதியவர் வந்தார், அங்கே ஓடினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் சொன்னதைத்தான் அவள் நம்பினாள். நான் என் கணவர் சொன்னதை நம்பினேன். அவர் காதில் விழுந்ததைச் சொன்னார்.

குடல்வால் விஷயத்தில் திடீரென்று வலி நிற்பது நல்ல சேதி இல்லை என்று இப்போது தெரியும். வீங்கி இறுகிக் கிடந்தது உடைந்துவிட்டால் அந்த இறுக்கத்தின் வலி போய்விடும். கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சுகமாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாங்கள் மோமோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் பேச்சு தானாகவே குறைந்தது. தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். மேல் உதட்டில் வியர்வை. உடம்பு சுட்டது, கை மட்டும் சில்லென்று இருந்தது. சலைன் மாற்ற வந்த நர்ஸ், மலையாளி, ஐம்பது வயது இருக்கும், பாட்டிலைத் தொடாமல் முதலில் அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பலகைபோல இருந்தது என்று பிறகு சொன்னார். மகளிடம் குனிந்து, காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஏக் கோலி. டாஃபி ஜைஸி" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். ஒரே ஒரு மாத்திரை, மிட்டாய் மாதிரி. "ஸ்ட்ராபெரி வாலி."

"சபாகே காயி?"

ஆமாம், மென்றுதான் தின்றேன் என்று தலையை அசைத்தாள்.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் தமிழுக்காக அவர் மலையாளத்தைக் கொஞ்சம் வளைத்துப் பேசினார். "சேச்சி, ஆன்டிபயாடிக்குன்னு ஆரு பறஞ்சு?"

"டாக்டர் கிருமின்னு சொன்னாராம்."

"க்ரிமின்னு சொன்னா புழுவாக்கும், சேச்சி. ஹிந்தியிலும் அதுதன்னே. இது புழுவுக்கான மருந்து."

மகள் கண்ணைத் திறந்து, ஏதோ மிகச் சாதாரணமான ஒன்றை நான் தெரிந்துகொள்ளவில்லை என்பதுபோலப் பார்த்தாள். "ஹான் அம்மா. கீடே. பேட் கே கீடே. பாபா சொல்லலயா?"

பாபா சொன்னார். கிருமி என்று சொன்னார். அவளுக்கு அது ஹிந்திச் சொல், எனக்கு அது தமிழ்ச் சொல். ஒரே ஒலி. காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நர்ஸ் குரல் கொடுத்தார். டியூட்டி டாக்டர் ஓடி வந்தாள். ஆன்டிபயாடிக் உள்ளே போகவே இல்லை என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. தியேட்டரிலிருந்து சர்ஜன் பச்சை உடுப்போடு வெளியே வந்து, வயிற்றை ஒரு தடவை தொட்டார், போதும் என்றார். கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். மகளின் கொலுசைக் கழற்றிக் கொடுத்தார்கள். லிஃப்ட் கதவு மூடியது. கொலுசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வராந்தாவுக்குத் திரும்பி வந்தேன். ஸ்ட்ரெச்சர் இருந்த இடம் காலியாக இருந்தது. எதிரே அதே படம்.

கணவருக்குப் போன் செய்தேன். இந்த முறை எடுத்தார்.

"ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க."

"வலி நின்னுட்டுன்னு சொன்னியே?"

"உடைஞ்சிருக்கும்னு சொல்லுதாங்க."

"ஆன்டிபயாடிக்தான் உள்ள போயிட்டே, பெறவு எப்படி உடையும்?"

"அது ஆன்டிபயாடிக் இல்ல. பூச்சி மருந்தாம்."

 போனில் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு, "நான் கிளம்பிட்டேன்" என்றார். இணைப்பு போய்விட்டது.

பூச்சி மருந்து. நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளை வயிற்றில் இருப்பது புழு என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, பூச்சி என்பார்கள். புழு கத்தரிக்காயில் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாதது, சோப்பு விளம்பரத்தில் பச்சை நிறத்தில் பல்லைக் காட்டும். ஹிந்திக்காரர்களின் க்ரிமி எங்கள் பூச்சி. எங்கள் கிருமி அவர்களுக்குக் கீட்டாணு. அந்த மார்க்கெட் டாக்டர் 'கீடே' என்று கொச்சையாகச் சொல்லியிருந்தால் என் கணவருக்குப் புரிந்திருக்கும். பெண் பிள்ளையின் அப்பாவிடம் நாகரிகமாகச் சொல்வோம் என்று சமஸ்கிருதச் சொல்லை எடுத்திருக்கிறார்.

சர்ஜன் வெளியே வந்தபோது வராந்தா விளக்குகள் போட்டிருந்தார்கள். முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு நின்றபடியே பேசினார். உடைந்திருந்தது. உள்ளே பரவியிருந்தது. கழுவியாகிவிட்டது. வயிற்றிலிருந்து ஒரு குழாய் வைத்திருக்கிறோம். அடுத்த இரண்டு மூன்று நாள் முக்கியம். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முன்பே தெரிந்திருந்தால் உடைவதற்குள் எடுத்திருக்கலாமா என்று கேட்டேன்.

"கஹ் நஹீ சக்தே" என்றார். சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

பிறகு என்ன நினைத்தேனோ, சுவரைக் காட்டி, இங்கேயும் க்ரிமி என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். அவர் என் முகத்தையும் படத்தையும் பார்த்தார். அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"கீடா நஹீ, ஜி. கீடே ஜைஸா" என்றார். சுண்டு விரலை மடக்கிக் காட்டினார். "ஸிர்ஃப் ஆகார்."

புழு இல்லை. புழுவைப் போன்றது. வடிவம் மட்டும்.

இதற்குப் பிந்தைய நாட்களில், குழாயில் வடிவதைப் பார்த்துக்கொண்டு அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, போனில் அந்த வார்த்தையைத் தேடித் தேடிப் படித்தேன். வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. லத்தீனில் வெர்மிஸ் என்றால் புழு. ஃபார்மா என்றால் வடிவம். உடலை அறுத்துப் பார்த்த யாரோ ஒருவர், குடலின் ஓரத்தில் தொங்கிய அந்தத் துண்டு எதற்கென்று தெரியாமல், அது எதைப் போல இருக்கிறது என்பதை மட்டும் பெயராக வைத்திருக்கிறார். தெரியாத ஒன்றுக்கு வேறு எப்படிப் பெயர் வைப்பது? ஹிந்தியில் பாடப்புத்தகம் எழுதியவர்கள் அதையே க்ரிமிரூப் என்று ஆக்கினார்கள். தமிழில் வால் என்றார்கள். புழு தானாக அசையும், வால் உடம்போடு சேர்ந்தது. எனக்கு வால்தான் பிடித்திருக்கிறது.

அந்த வெர்மிஸில் இருந்துதான் இத்தாலிக்காரர்கள் வெர்மிச்செல்லி என்ற பெயரையும் எடுத்தார்களாம், குட்டிப் புழுக்கள் என்று பொருள். அதுதான் நம் சேமியா. அன்று காலை உப்புமா கிண்டியது நான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் இன்னும் சேமியா வாங்கவில்லை.

கிருமிக்குப் பழைய தமிழிலும் புழு என்றே பொருள் இருந்ததாக அகராதி சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குப் பெயர் தேவைப்பட்ட காலத்தில் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டோம் போலும். ஹிந்தியில் அது பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. மலையாளத்திலும் அப்படியே. மகளின் பெயிண்ட் டப்பாவில் க்ரிம்ஸன் என்று ஒரு சிவப்பு இருக்கிறது, அந்தப் பெயரும் இந்த க்ரிமியிலிருந்து கிளம்பி, பாரசீகம் அரபு என்று சுற்றி ஆங்கிலத்துக்குப் போனதுதானாம், ஏதோ பூச்சியிலிருந்து எடுத்த சாயம் என்பதால். ஒரு சொல் இவ்வளவு தூரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து என் ஆபீஸ் மேஜைக்கு வந்து சேரும்போதுதான் வேறு ஒன்றாகிவிட்டது.

இன்னொன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். க்ரிமி என்று சொன்ன அந்த டாக்டர் தவறாகக் கணித்தார். ஆனால் 'ரூப்' என்று ஓர் அசை சேர்த்திருந்தால் சரியான விடை. புழு இல்லை, புழுவின் வடிவில் ஒன்று. அவ்வளவு கிட்டத்தில் இருந்தார்.

அன்று இரவு இதெல்லாம் தெரியாது. அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் மஞ்சளித்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மயக்கம் முழுதாகத் தெளியாமல், "பானி" என்றாள். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் பஞ்சை நனைத்துக் கொடுத்தார், உதட்டை மட்டும் தொட்டுவிட்டேன். மறுபடி கேட்டாள். மறுபடி தொட்டேன். ஒரு தாய் செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். தோளில் அதே ஆபீஸ் பை, கழுத்தில் இன்னும் மீட்டிங் அட்டை தொங்கியது. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். குழாயைப் பார்த்தார், அது போய்ச் சேர்கிற பாட்டிலைப் பார்த்தார், மகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"கிருமின்னுதான் சொன்னாரு" என்றார் என்னிடம், யாரோ மறுத்ததுபோல. "நான் சரியாத்தான் கேட்டேன். கிருமின்னுதான் சொன்னாரு."